இருநூறு பாகத்தில் ஒரு லைற்

கிழக்கிலங்கையில் கல்முனைக்குப் பக்கத்துப் பாண்டிருப்புக் கடற்கரையில், மீன்வாடியில் போய் உட்கார்ந்தால் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "அங்க என்ன மீன் படும்? எதால பிடிக்கானுகள்?" ரோமாபுரியைப் பற்றியோ எரிமலையைப் பற்றியோ அங்கே ஒருவரும் கேட்க மாட்டார்கள். கரையிலிருந்து இழுக்கும் கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருவரின் பேரன் நான். மத்தியதரைக் கடலில் சில பருவங்கள் ஒரு பாய்ப்படகில் கையாளாகவும் சமையற்காரனாகவும் வேலை செய்தேன். மீனைப் பற்றி என்னிடம் கேட்பது நியாயம்தான். வாயால் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

படகு ஓய்வுபெற்ற ஒரு தம்பதியுடையது. குளிர்காலத்தில் மால்டாவில் கட்டி வைப்போம். பிறகு சிசிலி, மெசினா நீரிணை, லிப்பாரித் தீவுகள், அங்கிருந்து கிழக்கே கிரேக்கம். பாயில் போகும்போது ஐந்து ஆறு நொட்ஸ்தான் வேகம், மணிக்குப் பத்துக் கிலோமீற்றரளவு. அதனால் ஒவ்வொரு மிதவையும் ஒவ்வொரு கொடியும் கண்ணில் படும். பெரிய கப்பலில் வேலை செய்யும் ஊர்ப் பொடியன்களுக்கு இது கிடைக்காது. மேல்தட்டிலிருந்து பார்த்தால் மிதவை ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

முதலில் அந்தக் கடலின் ஆழத்தைச் சொல்ல வேண்டும், அதிலிருந்துதான் அவர்களுடைய தொழில் எல்லாம் வருகிறது. கல்முனைப் பக்கம் கரையை விட்டுக் கொஞ்சம் ஓடினாலே நமக்கு அடி தெரியாமல் போய்விடும். அங்கேயும் பல இடங்களில் அப்படித்தான். ஸ்ட்ரொம்போலி எரிமலை கிட்டத்தட்ட 2,000 மீற்றர் ஆழத்துக் கடலடியிலிருந்து எழும்பி நிற்கிறது. கிரேக்கத்துக்குத் தென்மேற்கே உள்ள பள்ளம் 5,267 மீற்றர். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நம்முடைய கடல் கீழே போகப் போகக் குளிர்ந்துகொண்டே போகும். மத்தியதரைக் கடலில் சில நூறு மீற்றருக்குக் கீழே எவ்வளவு ஆழம் போனாலும் ஏறத்தாழ 13 பாகைதான். ஜிப்ரால்டர் நீரிணையின் அடியில் 300 மீற்றரளவு ஆழத்தில் ஒரு வரம்பு இருக்கிறது. அத்திலாந்திக்கின் அடிக்குளிர் நீர் அதைத் தாண்டி உள்ளே வராது. இதை எனக்குச் சொன்னது எங்கள் படகின் கப்பித்தான். அடுத்த நிமிடமே அவர் தேத்தண்ணி கேட்டார். நான் கேத்திலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

லிப்பாரியில் ஒரு கிழவர் என்னைக் கணவாய்க்குக் கூட்டிப் போனார். அதைத்தான் வாடியில் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

பொழுது பட்ட பிறகு சின்ன மரப்படகில் போனோம். தீவின் விளக்குகள் பின்னால் தெளிவாகத் தெரிகிற தூரம்தான். ஆனால் ஆழமானி 400 மீற்றருக்கு மேல் காட்டியது. அவருடைய சாமான் ஒரு மரக்கட்டையில் சுற்றிய தங்கூசி நைலோன் நூல், நுனியில் விரல் நீள ஈயத்தண்டு. அந்தத் தண்டின் அடியில் ஊசிகள் இரண்டு வட்டமாக மேல்நோக்கி வளைந்து நிற்கும். தூண்டிலில் இருக்கிற எதிர்முள் அதில் இல்லை. இரையும் இல்லை. ஈயத்துக்கு ஒரு சாண் மேலே சின்ன பற்றரி லைற் ஒன்று கட்டியிருந்தார். தண்ணீர் பட்டதும் அது விட்டுவிட்டு மின்னும்.

தங்கூசியை இரண்டு கைகளையும் விரித்து அளந்து அளந்து இறக்கினார். என் அப்பப்பா பாகம் அளந்தது இதே மாதிரித்தான், நெஞ்சுக்கு நேரே, ஒரு கை விரல்நுனியிலிருந்து மறு கை விரல்நுனி வரை. லிப்பாரிக் கிழவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். நான் தமிழில் எண்ணினேன். இருநூறு பாகம் தாண்டியதும் நிறுத்தி, மெல்ல மெல்ல மேலே இழுத்து இழுத்து விட்டார். கணவாய் பிடிக்கும்போது தூண்டிலில் வெட்டு வராது. பாரம் கூடும், அவ்வளவுதான். எதிர்முள் இல்லாததால் ஒரு கணம் தளர்ந்தாலும் கழன்றுவிடும். பிடித்த கணத்திலிருந்து படகு வரைக்கும் ஒரே சீராக இழுக்க வேண்டும். அந்த இருநூறு பாகத்தையும் கையாலே இழுத்தார். கால்மாட்டில் ஈரத் தங்கூசி வளையம் வளையமாக விழுந்தது. ஒரு வளையம்கூட மற்றதோடு சிக்கவில்லை.

மேலே வந்த கணவாயின் நீளம் என் முழங்கைக்கு மேலே. கரிய சிவப்பு. பலகையில் விழுந்ததும் வெளுத்தது, மறுபடி சிவந்தது, பிறகு புள்ளி புள்ளியாக நிறம் ஓடியது. கிழவர் அதைத் தொடாமல், நிறம் அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் பெட்டியில் போட்டார். அன்றைக்கு ஒரு பெட்டியும் நிரம்பவில்லை. விடியும்போது தீவின் சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர் துறையில் காத்து நின்று மொத்தத்தையும் வாங்கிப் போனார். விலை பேசவே இல்லை.

மெசினா நீரிணையில் வாள்மீன் பிடிக்கிற படகைப் பார்த்தால் யாரும் ஒருதரம் நின்று பார்ப்பார்கள். வாள்மீன் நம்முடைய தளபத்து மீனுக்குச் சொந்தம், ஆனால் மூக்கு தட்டையாக, அகலமாக இருக்கும். படகின் நடுவிலே 25 மீற்றர் அளவு உயரத்துக்கு இரும்புக் கோபுரம், அதன் உச்சியில் ஆள். அவரே அங்கிருந்து சுக்கானும் பிடிப்பார். முன்பக்கம் படகைவிட நீளமாக ஒரு பாலம் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் ஈட்டியோடு இன்னொருவர். மேலிருப்பவர் மீனைக் கண்டு படகை ஓசைப்படாமல் கொண்டுபோனால், மோட்டார் இருக்கும் இடம் வருமுன்பே ஈட்டிக்காரர் மீனுக்கு நேர் மேலே வந்துவிடுவார். மே தொடங்கி ஓகஸ்ட் வரைதான் இந்தத் தொழில். மீன் ஏறியதும் அதன் கன்னத்தில் நகத்தால் சிலுவை போலக் கீறுவார்கள். எங்கள் ஊரில் முதல் மீனைக் கோயிலுக்கென்று எடுத்து வைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தக் கீறலின் மரியாதை எனக்குச் சொல்லாமலே விளங்கியது.

ஈட்டியால் பிடிபடுவது கொஞ்சம். பெரும்பகுதி நீளத் தூண்டிலில்தான் படுகிறது. நாட்கணக்கில் கடலில் நின்று பிடிக்கிற நம்ம மல்டி டே போட் ஆட்களுக்கு இது புதிதல்ல. தாய்நூல், மிதவை, இடைக்கிடை கிளைத்தூண்டில், பின்னேரம் போட்டு விடியச் சாமம் இழுப்பது. இரை கணவாய் அல்லது கானாங்கெளுத்தி. பக்கத்தில் பச்சை வெளிச்சக் குச்சி. வாள்மீன் பகலில் ஆழத்தில் கிடந்து, இரவில் கணவாய்க் கூட்டத்தின் பின்னால் மேலே வரும். அதற்காகத்தான் வெளிச்சம். என்னை யோசிக்க வைத்தது அவர்களுக்கு இருக்கிற கட்டுப்பாடு. வாள்மீன் படகு ஒன்றில் 2,500 தூண்டிலுக்கு மேல் ஏற்றக்கூடாது. குறித்த அளவுக்குச் சின்னத் தூண்டிலும் கூடாது. ஆண்டில் சில மாதம் அறவே பிடிக்கக்கூடாது. இப்போது சிலர் தூண்டிலை 200 மீற்றருக்கும் கீழே இறக்குகிறார்கள். மேலே நீந்தும் கடலாமைகள் அப்போது குறைவாகவே மாட்டும்.

அதற்கு முன்பு அங்கேயும் மிதப்புவலைதான் ஓடியது. இத்தாலிக்காரர்களின் வாள்மீன் வலைகள் பல கிலோமீற்றர் நீளம். டொல்பின், ஆமை, திமிங்கிலம் எல்லாம் அதில் போனது. மிக நீளமான மிதப்புவலையைச் சர்வதேசக் கடலில் விடக்கூடாதென்று ஐக்கிய நாடுகள் சபை எடுத்த முடிவு 1992 கடைசியில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இலிருந்து சூரைக்கும் வாள்மீனுக்கும் மிதப்புவலையை முற்றாக நிறுத்தியது. வயதான மீனவர்கள் அதைச் சொல்லும்போது இன்றைக்கும் கோபம் வரும். வலையை விட்டவர்கள் பலர் தொழிலையே விட்டார்கள். அந்தக் கோபமும் நியாயம்தான். ஆனால் வலை நின்றது நல்லது என்றே நான் நினைக்கிறேன்.

கெஃபலோனியாத் தீவுக்கு மேற்கே ஒரு கிரேக்கப் படகு எங்களுக்கு அருகில் ஆழத்தூண்டில் இழுத்துக்கொண்டிருந்தது. காற்று செத்துக் கிடந்த நேரம். கப்பித்தான் கோப்பி போட்டுத் தரச் சொல்லி, அதைக் கொண்டு என்னை ரப்பர் படகில் அனுப்பினார். ஹேக் என்று ஒரு மீன். நம்ம பக்கம் சந்தைக்கு வராது. சாம்பல் நிறம், வாயின் உள்பக்கம் கறுப்பு. நானூறு ஐந்நூறு மீற்றரிலிருந்து வந்ததால் காற்றுப்பை விரிந்து வயிறு வாய்க்குள் தள்ளியிருந்தது. ஹேக்கோடு சாவாளையும் வந்தது. நம்ம சாவாளையின் இனம்தான், ஆனால் ஆளுயரம், வெள்ளித் தகடு. "இது எங்கள் ஊரில் பொரியலுக்கு" என்று கையால் காட்டினேன். அந்தப் படகுக்காரர் சிரித்துக்கொண்டு தன் வாயைத் தொட்டுக் காட்டினார். அவர்களும் பொரித்துத்தான் தின்கிறார்கள்.

கடைசித் தூண்டிலில் ஒரு சுறா. பெரிதில்லை, ஆனால் செவுள் ஆறு. சுறாவுக்கு வழக்கமாக ஐந்துதான். கண் மரகதப் பச்சை, அந்த வெயிலிலும் உள்ளிருந்து ஒளிர்ந்தது. அதைத் தூக்காமல், படகின் விளிம்போடு வைத்துக் கிளைநூலை வெட்டிவிட்டார்கள். சுறா கொஞ்ச நேரம் அப்படியே மிதந்து, பிறகு வாலை ஒரு தரம் அசைத்து நேராகக் கீழே போனது.

றாலைப் பற்றிச் சொல்லாவிட்டால் வாடியில் விடமாட்டார்கள். சிசிலியின் தென்மேற்கில் மசாரா தெல் வல்லோ என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து போகும் றோலர்கள், அதாவது இழுவைப் படகுகள், வாரக்கணக்கில் கடலில் நின்று 400 முதல் 700 மீற்றர் ஆழத்தில் சிவப்பு றால் இழுக்கின்றன. சிசிலிக்காரரும் துனீசியரும் ஒரே படகில் வேலை செய்வார்கள். அந்த றால் அவிக்காமலே இரத்தச் சிவப்பு. அந்த ஆழத்துக்குச் சிவப்பு ஒளி போகாது. அதனால் அங்கே சிவப்பு என்றால் கறுப்பு, ஒளிந்துகொள்ள நல்ல நிறம். அங்கே பச்சையாக எலுமிச்சம்புளி விட்டுச் சாப்பிடுகிறார்கள். நான் ரின் தேங்காய்ப்பாலில் சொதி வைத்தேன். தம்பதிக்கு அது பிடித்துப்போய், றால் வாங்கும்போதெல்லாம் சொதி என்றாகிவிட்டது. றோலர் கடலடியைக் கிழிக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதான், முல்லைத்தீவுக்காரரையும் யாழ்ப்பாணத்துக்காரரையும் கேட்டால் கண்ணீரோடு சொல்வார்கள். மத்தியதரைக் கடலில் 1,000 மீற்றருக்குக் கீழே றோலர் இழுப்பதை 2005இல் தடை செய்தார்கள். அந்த அளவுக்காவது ஆழம் தப்பியிருக்கிறது.

சூரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மே, ஜூனில் பெரிய நீலச்சூரை அத்திலாந்திக்கிலிருந்து முட்டைவிட உள்ளே வரும். சுருக்குவலைப் படகுகள் அவற்றை வளைத்து, படகில் ஏற்றாமலே மிதக்கும் வலைக்கூட்டுக்குள் மாற்றி, ஒரு நொட் வேகத்தில் பண்ணைக்கு இழுத்துப் போகும். இரவில் அப்படி ஒரு கூடு எதிர்ப்பட்டால் பாய்ப்படகு வெகுதூரம் சுற்றிப் போக வேண்டும். அந்த மீன் ஒரு காலத்தில் அழியப் பார்த்தது. கிழக்கு அத்திலாந்திக்குக்கும் மத்தியதரைக்கும் சேர்த்து 2010இல் 13,500 தொன்தான் பிடிக்க விட்டார்கள். 2020இல் அது 36,000 தொன்னுக்கு ஏறியது. கட்டுப்படுத்தினால் மீன் திரும்பி வரும் என்பதற்கு எனக்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

மால்டாவின் லம்பூக்கித் தொழிலை அப்பப்பா பார்த்திருக்க வேண்டும். லம்பூக்கி என்பது மாஹி மாஹி, சிங்களத்தில் வன்னா. அந்த மீனுக்கு மிதக்கும் எதன் நிழலும் பிடிக்கும். மால்டாக்காரர் மிதவைப் பலகையின் கீழே ஈச்சோலை கட்டி, சுண்ணாம்புக்கல் பாளத்தை நங்கூரமாக்கி, நூற்றுக்கணக்கான மீற்றர் கயிற்றோடு ஆழத்தில் நட்டுவிடுவார்கள். கரையிலிருந்து வெளியே ஒரே நேர்கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக. ஓகஸ்ட் 15இலிருந்து டிசம்பர் கடைசி வரை படகு மிதவை மிதவையாகப் போகும். நிழலில் கூட்டம் நின்றால் வலையால் வளைக்கும். ஓகஸ்டில் கையளவாக இருக்கிற மீன், அதே பருவம் முடியுமுன் கிலோக்கணக்கில் நிற்கும். அவ்வளவு வேகமாக வளரும் மீன் அது.

எந்தக் கோடு யாருக்கு? அதற்குச் சீட்டுப் போடுகிறார்கள், ஒவ்வொரு பருவத்துக்கும் முன்பு. உன் கோட்டுக்குள் நான் மிதவை வைக்கமாட்டேன், என் கோட்டுக்குள் நீ வரக்கூடாது. இதைக் கேட்டதும் எனக்கு நம்ம கரைவலைப் பாடு ஞாபகம் வந்தது. வலை பல, இறக்குகிற இடம் கொஞ்சம், அதனால் இன்றைக்கு உன் பாடு, நாளைக்கு என் பாடு. அப்பப்பா காலத்தில் பாட்டைத் தவறி ஒருவரும் வலை வளைத்ததில்லை. மீன் குவிந்து நிற்பதைக் கண்ணால் கண்டுகொண்டு, தன் பாடு இல்லையென்று கரையில் இருந்தார்கள். ஆழ்கடலிலும் அப்படிப் பாடு பிரிக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. பருவம் முடிந்ததும் கயிறுகளில் பலதைக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். சிசிலிக்கும் மால்டாவுக்கும் நடுவே, காற்று விழுந்து மோட்டாரில் ஓடிய இரவில், அப்படி ஒரு கயிறு எங்கள் படகின் அடியில் மோட்டார்க் காற்றாடியில் சுற்றியது. மோட்டார் ஒரு முக்கு முக்கி நின்றது. விடிய விடியக் காத்திருந்து, வெளிச்சம் வந்ததும் கத்தியோடு நான் குதித்தேன். நீல நைலோன் கயிறு தண்டோடு இறுகி, உருகிப் பிடித்திருந்தது. வாளரிவாளை வாங்கித்தான் அறுத்தேன். மறுமுனையில் ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் கலன், பாசி பிடித்தது. அதில் படகின் இலக்கமும் இல்லை, பேரும் இல்லை. கலனின் நிழலில் சின்னக் குஞ்சு மீன்கள் கூட்டமாக நின்றன. ஆள் விட்டுப்போன பிறகும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

இப்போது ஊர்க்கதைக்கு வருகிறேன். வாழைச்சேனையில் என் மச்சானுக்கு ஒரு மல்டி டே போட் இருக்கிறது. போட் நிறைய வலை, கொஞ்சம் தூண்டில். மூன்று வாரம் நின்று வரும்போது ஐஸ் அறையில் அடியில் கிடக்கிற கெலவல்லாச் சூரை நசிந்து, சதை வெளுத்திருக்கும். ஏற்றுமதிக் கொம்பனி ஆள் வந்து வால்பக்கம் மெல்லிய குழாயைக் குத்தி ஒரு துளி சதை எடுப்பான். விரலில் தேய்த்து, நிறம் பார்த்து, கொழுப்புப் பார்த்து, "இது லோக்கல்" என்று தள்ளிவிடுவான். அந்த ஒரு சொல்லில் கிலோவுக்கு எவ்வளவு போகும் என்பது தொழில்காரனுக்குத் தெரியும். வலையில் செத்து மணிக்கணக்கில் கிடந்த மீன் அப்படித்தான் இருக்கும். தூண்டிலில் உயிரோடு வந்த மீனை உடனே இரத்தம் வடித்து, குடலெடுத்து, வயிற்றுக்குள் ஐஸ் அடைத்து வைத்தால் கதை வேறு. சிசிலிப் படகில் வாள்மீனை ஒன்றின் மேல் ஒன்று போடவே மாட்டார்கள். ஈரத்துணி போர்த்தி, தனித்தனியாகக் கிடத்துவார்கள்.

"அவனுகள் பணக்காரன், நமக்குச் சரிவருமா மனே?" என்று மாமா கேட்டார். மாமாவும் கடல்காரர், நாற்பது வருடத் தொழில். அவருக்கு நான் லிப்பாரிக் கிழவரின் படகைச் சொன்னேன். மாமாவின் தோணியைவிடச் சின்னது அது. பெட்டி நிரம்பாமலே அவர் பிழைக்கிறார், ஏனென்றால் பெட்டியில் இருந்த ஒவ்வொன்றும் முழுவிலைக்குப் போகிறது. மாமா தாடையைத் தடவிக்கொண்டு, "அந்த லைற்ற நமக்கும் ஒருக்கா செய்து பாப்பமா?" என்றார். ஆழ்கடலில் இரவில் போட்டின் வெளிச்சத்துக்குக் கணவாய்க் கூட்டம் மேலே வருவதை அவர் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறார். தூண்டிலுக்கு இரையை அங்கேயே பிடித்தால் கரையில் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. அது அவருடைய கணக்கு, சரியான கணக்கு.

2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டதை வாழைச்சேனையில் யாரும் மறக்கவில்லை. நம்ம போட்டுகள் எங்கே நிற்கின்றன, எதால் பிடிக்கின்றன என்று கண்காணிக்க ஒழுங்கான வழி இல்லை என்பதுதான் அவர்கள் சொன்ன முக்கிய காரணம். 2016இல் தடை எடுபட்டது. அதற்குள் போட்டுகளில் கண்காணிப்புக் கருவி பூட்டியாகிவிட்டது. மச்சானுக்கு அந்தக் கருவியின் மேல் முதலில் வெறுப்பு. இப்போது அவனே சொல்கிறான், போட் எங்கே நிற்கிறதென்று வீட்டில் இருக்கிறவர்கள் கேட்டு அறியலாம், வாடைக்காலத்தில் அது பெரிய ஆறுதல் என்று.

இந்த முறை போட் போகும்போது வலையில் பாதியை இறக்கிவிட்டுத் தூண்டில் கூட்டுவதென்று மச்சான் முடிவெடுத்திருக்கிறான். கூட்டாளிகள் இரண்டு பேருக்கு அது பிடிக்கவில்லை, பங்கு குறையும் என்ற பயம். பேசித் தீர்க்க வேண்டிய பயம்தான். ஐஸ் அறைக்குள் நடுவே பலகைத் தட்டு அடிக்கத் தச்சனுக்குச் சொல்லியாயிற்று, அடி மீன் நசியாமல் இருக்க. நான் மாமாவுக்குக் கணவாய் ஊசி வளைத்துக்கொண்டிருக்கிறேன், ஈயம் உருக்கி ஊற்ற மூங்கில் குழாயும் வெட்டியாயிற்று. மிதவைகள் எல்லாம் இப்போது எங்கள் முற்றத்தில் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் போட்டின் இலக்கத்தைக் கறுப்புப் பெயின்றால் எழுதுகிற வேலையை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். பாதி முடிந்துவிட்டது, மிச்சத்துக்கு நாளைக்குப் பெயின்ற் வாங்க வேண்டும்.